உப்புக் காற்றும் ஒலிக் கம்பியும்

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது முன்னோர் வாக்கு. புத்தளத்துக் கரையில் வாழ்வோருக்கு இவ்வாக்கின் பொருளை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பாலாவியிலும் புத்தளத்திலும் உப்பளப் பாத்திகள் வெயிலில் வெண்மையாகக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். ஆயினும், உப்புச் சேரவே கூடாத பண்டம் ஒன்று அவர்களுடைய வீடுகளிலேயே இருக்கின்றது. பாட்டுக் கேட்கும் கருவிக்கும், அம்பிளிபையர் என்று வழங்கும் ஒலி மிகைப்புக் கருவிக்கும், ஸ்பீக்கர் பெட்டிக்கும் இடையே ஓடுகின்ற செம்புக் கம்பியே அது.

மேற்கே கடலும் கிழக்கே களப்பும் சூழ நடுவே நீண்டு கிடப்பது கற்பிட்டித் தீபகற்பம். மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரையில் தென்மேற்குக் காற்று அங்கு ஓயாது வீசும். அலை உடைந்து சிதறும் நுண்ணிய துளிகளை அக்காற்று வீட்டுக் கூரைக்கும் சாளரத்துக்கும் கொண்டுவந்து சேர்க்கும். துளியின் நீர் உலர்ந்துவிடும், உப்புத் தங்கிவிடும். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75 என்ற அளவைத் தாண்டும்போது, சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரைத் தானே இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பிற் கலந்துள்ள மகனீசியம் குளோரைட்டோ அதைவிடக் குறைந்த ஈரத்திலும் நீரை ஈர்க்கும். ஆகவே, கடற்கரை வீட்டிலுள்ள கம்பி முனைகள் வெளிக்கு உலர்ந்தவைபோலத் தோன்றினும், கண்ணுக்குப் புலனாகாத ஓர் உப்புநீர்ப் படலத்திலேயே நாளெல்லாம் நனைந்திருக்கின்றன. சில மாதங்களில் முனை கறுக்கும். பின்னர்ப் பச்சை பூக்கும். செம்பிற் களிம்பு என்று சைவ சித்தாந்த ஆசிரியர்கள் ஆணவ மலத்துக்கு உவமை கூறினார்களே, அந்தக் களிம்பே இது.

இக்களிம்பினால் ஒரு வீட்டுக்கு நேரக்கூடிய இழப்பு எத்தகையது? 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தையே வந்தடைந்தனர். கையில் எடுத்துவரக்கூடிய சிறு பொருள்களே அவர்களுக்கு எஞ்சின. அவ்வாறு வந்த ஒரு குடும்பத்தில், துணிகளுக்கிடையே ஒரு கசெற் நாடாவும் வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அதிலே பாட்டனாரின் குரல் இருக்கலாம். ஒரு திருமண வீட்டின் ஆரவாரம் இருக்கலாம். உடப்பில் ஒரு மீனவர் வீட்டுப் பெட்டியிலோ, கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடலை ஒரு முதியவர் பாடிய நாடா கிடக்கலாம். இத்தகைய நாடாவிற் பூசப்பட்ட காந்தப் பொடி காலப்போக்கில் உதிரும் இயல்பினது. ஓட்டுந்தோறும் சிறிது தேய்வது. பல ஆண்டுகள் உறங்கிய நாடா ஒரு முறை செம்மையாக ஓடலாம். அடுத்த முறை ஓடாமலும் போகலாம். அந்த ஒரு முறையிலேயே அதனைக் கணினிக்கு மாற்றிப் பதிந்துகொள்ள விரும்பும் பேரனுக்கு, இடையிலுள்ள கம்பி காட்டிக்கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? கம்பியின் கரகரப்பு பாட்டனாரின் குரலோடு நிலையாகப் பதிந்துவிடும். பின்னர் எவ்வளவு விலையுயர்ந்த கருவியை வாங்கினாலும் அதனைப் பிரித்தெடுத்தல் அரிது. கம்பியைப் பற்றிய அறிவு அற்பமானதன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

வீட்டு ஒலிக்கருவிகளிற் பயன்படும் கம்பிகள் இருவகைப்படும். ஒன்று, அம்பிளிபையரிலிருந்து ஸ்பீக்கருக்குச் செல்வது. இதிலே ஓடும் மின்னோட்டம் பெரிது. ஆதலால் கம்பியின் தடை சிறிதாக இருத்தல் வேண்டும். மற்றையது, கசெற் கருவி, இசைத்தட்டுக் கருவி, வானொலி ஆகியவற்றிலிருந்து அம்பிளிபையருக்கு வருவது. இதிலே ஓடும் மின்னோட்டம் மிகச் சிறிது. ஆதலால் புறத்தேயிருந்து வரும் இரைச்சல் உட்புகாதபடி கவசம் இருத்தல் வேண்டும். முன்னையது பாரம் சுமக்கும் வண்டி மாட்டைப் போன்றது. பின்னையது கடிதம் சுமக்கும் அஞ்சற்காரரைப் போன்றது. ஒன்றின் வேலையை மற்றொன்றுக்குக் கொடுத்தல் ஆகாது.

முதலில் ஸ்பீக்கர்க் கம்பியை நோக்குவோம். ஒரு சதுர மில்லிமீற்றர் பருமனுள்ள செம்புக் கம்பி, ஒரு மீற்றர் நீளத்துக்கு ஏறக்குறைய 0.017 ஓம் தடை உடையது. பருமன் இரட்டித்தால் தடை பாதியாகும். நீளம் இரட்டித்தால் தடையும் இரட்டிக்கும். மின்னோட்டம் போவதற்கு ஒரு கம்பி, திரும்புவதற்கு ஒரு கம்பி ஆதலின், ஸ்பீக்கர் 5 மீற்றர் தொலைவில் இருந்தால் 10 மீற்றர்க் கம்பியின் தடையைக் கணக்கிடல் வேண்டும். இத்தடை ஸ்பீக்கரின் அளவில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டாதிருப்பது நன்று என்பது நெடுநாளைய நடைமுறை. பெரும்பாலான வீட்டு ஸ்பீக்கர்கள் 8 ஓம் எனக் குறிக்கப்பட்டவை, அவற்றுக்கு 0.4 ஓம் எல்லையாகும்.

இக்கணக்கின்படி, 5 மீற்றர்த் தொலைவுக்கு 0.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பி 0.34 ஓம் தடை தரும், எல்லைக்குள் அடங்கும். அதே கம்பியை 10 மீற்றர்த் தொலைவுக்குக் கொண்டுசென்றால் 0.69 ஓம் ஆகிவிடும், அது தகாது. அங்கே 1.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பி வேண்டும். அதன் தடை 0.23 ஓம். 4 ஓம் ஸ்பீக்கராயின் எல்லையும் பாதியாகிவிடும்; அப்போது 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பி 0.14 ஓம் தடையோடு அவ்வேலையைச் செம்மையாகச் செய்யும். மின்சாதனக் கடைகளில் வீட்டு மின்னிணைப்புக்கென விற்கப்படும் பல இழைக் கம்பியே இதற்குப் போதுமானது. இதற்கு மேலான இரகசியம் எதுவும் ஸ்பீக்கர்க் கம்பியில் இல்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். கம்பியின் தடையாற் குறைவது ஒலியின் அளவு மட்டுமே எனின், அம்பிளிபையரைச் சற்றுக் கூட்டி வைத்தாற் போதாதா? போதாது. ஸ்பீக்கரின் தடை எல்லா மீடிறன்களுக்கும் ஒன்றாக இருப்பதில்லை. 8 ஓம் என்று குறிக்கப்பட்டதே ஓரிடத்தில் 6 ஆகவும், தாழ்ந்த சுருதியில் ஓரிடத்தில் 30 ஆகவும் நிற்கக்கூடும். கம்பியின் தடை மிகுந்தால், ஸ்பீக்கரின் தடை தாழ்ந்துள்ள இடங்களில் ஒலி அதிகமாகக் குறையும். உயர்ந்துள்ள இடங்களில் அவ்வளவு குறையாது. அதனாற் குரலின் நிறமே மாறிவிடும். மத்தளத்தின் தொப்பி இறுகிய ஒலியாகக் கேளாமல், தளர்ந்த முழக்கமாகக் கேட்கும்.

செம்பு விலை ஏறிய காலத்தில் சந்தைக்கு வந்த ஒரு போலியைப் பற்றியும் அறிந்திருத்தல் நலம். உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு என்ற வகையிற் செய்யப்பட்ட கம்பிகள் உள்ளன. பார்வைக்கு முழுச் செம்பே. ஆனால் மின்கடத்துந் திறன் செம்பில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்குதான். ஒப்பந்தமாகச் சொல்லி விற்றால், பருமனைக் கூட்டிப் பயன்படுத்தலாம். மறைத்து விற்பதே குற்றம். கடற்கரையிலோ இதன் தீமை மேலும் பெரிது. இரு வேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால், ஒரு சிறு மின்கலமே அங்கு உண்டாகி, அவற்றுள் வலிமை குன்றிய அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும். வெட்டப்பட்ட முனையில் இவ்வரிப்பு விரைந்து தொடங்கும்.

போலியைக் கண்டுபிடித்தல் எளிது. ஓர் இழையைப் பேனாக் கத்தியாற் சுரண்டிப் பார்த்தல் வேண்டும். வெளியே சிவப்பும் உள்ளே வெள்ளையும் தோன்றினால் அது செம்பு பூசிய அலுமினியம், விலக்கத்தக்கது. வெளியே வெள்ளையும் உள்ளே சிவப்பும் தோன்றினால் அது வெள்ளீயம் பூசிய செம்பு. கடற்கரைக்கு அதனினும் ஏற்றது பிறிதில்லை. படகுகளில் மின்னிணைப்புச் செய்வோர் இதனையே விரும்பிக் கொள்வர். கையில் நிறுத்துப் பார்ப்பதும் ஒரு வழி. செம்பின் அடர்த்தி அலுமினியத்தின் அடர்த்தியைப்போல மும்மடங்குக்கும் மேற்பட்டது. ஆதலால் போலிச் சுருள் கையில் இலேசாக இருக்கும்.

அடுத்தது, கசெற் கருவிக்கும் அம்பிளிபையருக்கும் இடையிலுள்ள கவசக் கம்பி. நடுவே ஓர் உட்கம்பி. அதனைச் சுற்றிக் காப்புறை. அதன்மேல் செம்பு இழைகளாற் பின்னிய வலை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வெளியுறை. வீட்டு மின்சாரம் 230 வோற்று, 50 ஹேர்ட்ஸ். அதன் ம்ம் என்ற இரைச்சல் உட்கம்பியைத் தீண்டாதபடி அந்த வலை தடுத்துக்கொள்கிறது. இசைத்தட்டுக் கருவியின் ஊசியிலிருந்து வரும் மின்னழுத்தம் ஒரு வோற்றின் ஆயிரத்திற் சில பங்கே ஆதலால், அதற்கு நெருக்கமாகப் பின்னிய வலை இன்றியமையாதது. ஐதான வலையூடே கோழிக்கூட்டில் கீரி புகுவதுபோல இரைச்சல் புகுந்துவிடும்.

இக்கம்பி நீளுந்தோறும் வேறொரு குறை தோன்றும். உட்கம்பியும் வலையும் அருகருகே கிடப்பதால் அவை ஒரு சிறு மின்கொள்ளளவியாக இயங்குகின்றன. மீற்றருக்கு 100 பிக்கோபரட் கொள்ளளவமுள்ள கம்பியை, 10,000 ஓம் வெளியீட்டுத் தடையுள்ள ஒரு பழைய கருவியோடு இணைத்ததாகக் கொள்ளலாம். 3 மீற்றர் நீளமாயின், ஒலி குறையத் தொடங்கும் எல்லை 50,000 ஹேர்ட்சுக்கு மேலே நிற்கும். மனிதரின் செவிக்கு எட்டுவது ஏறக்குறைய 20,000 ஹேர்ட்ஸ் வரையே ஆதலால் இழப்பொன்றுமில்லை. கம்பியை 20 மீற்றருக்கு நீட்டினாலோ அவ்வெல்லை 8,000 ஹேர்ட்சுக்கு இறங்கிவிடும். அப்போது சகர ஒலிகள் மழுங்கும். தாளத்தின் கிண்ணென்ற ஓசை அடங்கும். எனவே, கவசக் கம்பி எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நன்று. கருவிகளை அருகருகே வைத்து, தொலைவை ஸ்பீக்கர்க் கம்பியே சுமக்குமாறு விடுதல் அறிவுடைமை.

இனி, கம்பியைக் கையாலேயே செய்துகொள்ளும் முறை. வேண்டுவன: கவசக் கம்பி, ஆர்.சி.ஏ. செருகிகள், பிசின் உட்பொதிந்த பற்றாசு, சூட்டுக்கோல், சூடேற்றினாற் சுருங்கும் குழாயுறை, ஒரு மல்டிமீற்றர். செருகியின் மூடியையும் குழாயுறையையும் முதலிலேயே கம்பியிற் கோத்துவிடல் வேண்டும். இதை மறந்து பற்றாசு வைத்த பின்னர் நினைவு கூர்வது, கற்றுக்கொள்வோர் யாவரும் ஒரு முறையேனும் செய்யும் பிழை. பின்னர் வெளியுறையை நீக்கி, வலையிழைகளை ஒன்றாக முறுக்கி ஒரு பக்கம் ஒதுக்கி, உட்கம்பியின் முனையைச் சிறிதளவு வெளிப்படுத்தல் வேண்டும். செம்பு பளபளவென்று சிவந்திருக்க வேண்டும். கறுத்திருந்தால் அப்பகுதியை வெட்டியெறிந்து, நல்ல செம்பு தோன்றும் வரை பின்னே செல்லல் வேண்டும். உப்புநீர் சில வேளை உறைக்குள்ளே நெடுந்தூரம் ஏறியிருக்கும். அத்தகைய கம்பியை முழுவதும் கைவிடுதலே நன்று.

வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகத் தொடங்கும். பற்றாசை உருக்கிக் கம்பியின் மேல் ஊற்றுதல் தவறு. கம்பியையும் செருகியின் முனையையும் சூடாக்கி, அச்சூட்டிலே பற்றாசு தானாக உருகி ஓடுமாறு செய்தல் வேண்டும். நன்கு பற்றிய இணைப்பு வழவழவென்று இரு பக்கமும் தழுவி நிற்கும். பற்றாதது தாமரையிலை நீர்போல உருண்டு நிற்கும். ஆறும் வரையில் அசைத்தல் கூடாது. தகர வேலைக்குப் பயன்படும் அமிலப் பசையை இதற்கு ஒருபோதும் இடலாகாது. எஞ்சிய அமிலம் உப்போடு கூடி, இணைப்பை உள்ளிருந்தே அரித்துவிடும். சாளரத்தைத் திறந்துவைத்தல் பிசின் புகையிலிருந்தும், வேலை முடிந்ததும் கைகளைக் கழுவுதல் காரீயத்தின் நச்சிலிருந்தும் காக்கும்.

செருகி முனையில் உட்கம்பி நடு முள்ளுக்கும், வலை வெளி வளையத்துக்கும் செல்லும். இரண்டும் ஒன்றையொன்று தொடாதிருப்பதை மல்டிமீற்றராற் சோதித்தல் வேண்டும். நடு முள்ளிலிருந்து மறுமுனையின் நடு முள்ளுக்குத் தடை ஏறக்குறையச் சூனியமாக இருத்தல் வேண்டும். நடு முள்ளுக்கும் வளையத்துக்கும் இடையே இணைப்பே இருத்தலாகாது. சோதிக்கும்போது கம்பியை வளைத்தும் அசைத்தும் பார்த்தல் நன்று. ஸ்பீக்கர்க் கம்பியாயின், இரு இழைகளுள் ஒன்றுக்கு நிறமோ முடிச்சோ அடையாளமிட்டு, இரு ஸ்பீக்கர்களுக்கும் நேரும் எதிரும் ஒரேவிதமாக இணைத்தல் வேண்டும். ஒன்று மாறிவிட்டால், ஒரு பெட்டி காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். தாழ்ந்த சுருதிகள் ஒன்றையொன்று அழித்துவிடும்.

கடற்கரைக்கே உரிய பாதுகாப்பு இதன் பின்னரே தொடங்குகின்றது. பசையுள்ள குழாயுறையை இணைப்பின் மேல் இழுத்துச் சூடேற்றினால், அது சுருங்கி உப்புக் காற்றை அடைத்துவிடும். சிலர் சிலிக்கோன் பசையாற் பூசுவர். காடி நாற்றம் வீசும் சிலிக்கோனை விலக்கல் வேண்டும். அந்நாற்றமே அசற்றிக் அமிலத்தின் நாற்றம். செம்புக்கு அது பகை. திருகாணியால் இறுக்கும் முனைகளுக்குப் பற்றாசு ஊறிய கம்பியை இடுதல் ஆகாது. அது அழுத்தத்தில் மெல்லத் தளர்ந்துவிடும். வெள்ளீயம் பூசிய சிறு குழல்முனையை நசுக்கிப் பொருத்தி இறுக்குதல் நன்று. தென்மேற்குக் காற்றுத் தொடங்குமுன் ஒரு முறையும், ஓய்ந்த பின் ஒரு முறையும் செருகிகளைக் கழற்றித் துடைத்துப் பொருத்தினால், பல ஆண்டுகளுக்குக் குறைவராது.

இவ்வாறு காக்கப்படாத ஓர் இணைப்பில் ஒரேயோர் ஓம் தடை சேர்ந்துவிட்டால், 8 ஓம் ஸ்பீக்கருக்குச் செல்ல வேண்டிய ஆற்றலில் ஒன்பதில் ஒரு பங்கு அவ்விணைப்பிலேயே வெப்பமாகப் போய்விடும். அத்தடை நிலையாகவும் நில்லாது. கதவு சாத்தினாலும் மாறும். அதுவே கரகரப்பு. இன்னும் ஒரு விந்தை உண்டு. களிம்பின் அடியிலுள்ள செம்பு ஒக்சைட்டு, மின்னோட்டத்தை ஒரு திசையில் எளிதாகவும் மறுதிசையில் அரிதாகவும் விடும் இயல்பினது. 1920களில் அதனைக் கொண்டே மின்சீராக்கிகளைச் செய்தார்கள். ஆகவே, களிம்பேறிய இணைப்பும் நீண்ட ஸ்பீக்கர்க் கம்பியும் சேர்ந்தால், விரும்பாமலே ஒரு வானொலிப் பெட்டியாக இயங்கக்கூடும். வலிமை மிக்க ஒலிபரப்பு நிலையம் அருகிலிருந்தால், வேறொரு நிலையத்தின் குரல் பாட்டினூடே கேட்கலாம். சிலாபத்தை அடுத்த இரணவிலவில், 2016இல் மூடப்படும் வரையில், 'அமெரிக்காவின் குரல்' நிலையம் சிற்றலையில் உலகின் பல பகுதிகளுக்கு ஒலிபரப்பி வந்தது. அத்தகைய நிலையங்களின் அயலிலே கம்பியைக் குறுக்குவதும், இரு இழைகளையும் ஒன்றோடொன்று முறுக்குவதும், இணைப்பைத் தூய்மையாக வைப்பதுமே மருந்தாகும்.

இரைச்சலை ஒழிக்கும் ஆவலிற் சிலர் ஆபத்தான வேலையொன்றைச் செய்வதுண்டு. மூன்று முள் மின்செருகியின் நில முள்ளை வெட்டிவிட்டால் ம்ம் ஒலி சில வேளை நின்றுவிடும். அதனோடு உயிர்க்காப்பும் நின்றுவிடும். கருவியினுள் மின்கசிவு நேர்ந்தால், ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவரே நிலக்கம்பியாகிவிடுவார். கருவிகள் யாவற்றையும் ஒரே மின்குதையிலிருந்து இயக்குதலும், ஒலிக் கம்பியை மின்கம்பியிலிருந்து விலக்கி இடுதலும், குறுக்கிட நேர்ந்தாற் செங்குத்தாகக் குறுக்கிடச் செய்தலும் தக்க வழிகள். ஸ்பீக்கர்க் கம்பியின் நுனியில் வீட்டு மின்செருகியைப் பொருத்துவதும் பெரும் பிழை. ஒரு குழந்தை அதனைச் சுவர்க்குதையிற் செருகக்கூடும்.

பெருவிலைக் கம்பிகளைப் பற்றிய ஆரவாரத்துக்கும் ஒரு சொல். ஒட்சிசன் நீக்கிய செம்பு என்று விளம்பரப்படுத்தப்படுவதன் கடத்துந்திறன், 1913இல் வகுக்கப்பட்ட அனைத்துலகச் செம்பு நியமத்தோடு ஒப்பிட்டால் 101 என நிற்கும். கம்பிக் கடையில் விற்கும் நல்ல செம்பு 100 என நிற்கும். வேறுபாடு நூற்றில் ஒன்று. ஐந்து மீற்றர்க் கம்பியை ஐந்து சென்ரிமீற்றர் குறைத்து வெட்டினால் அவ்வேறுபாடு ஈடாகிவிடும். பொன் பூசிய செருகி களிம்பேறாது என்பது மெய். பூச்சு மெல்லியதாயின் அதன் நுண்துளைகளூடே உப்பு உட்புகும் என்பதும் மெய். பணத்தைச் செலவிட வேண்டிய இடம் பருமனான முழுச் செம்பும், நெருங்கிய வலையும், உறுதியான செருகியும் ஆகும். எஞ்சியதைக் கையும் கவனமும் கொடுக்கும்.

பேரன் நாடாவை ஓட்டுமுன் செய்ய வேண்டியது இப்போது தெளிவு. புதிதாக வெட்டிய குறுங்கம்பி ஒன்றைச் செய்து, மல்டிமீற்றராற் சோதித்து, பெறுமதியற்ற வேறொரு நாடாவை முதலில் ஓட்டி முழுதுங் கேட்டுப் பார்த்தல் வேண்டும். கம்பியை அசைத்தும் கரகரப்பு எழாவிடின், அதன் பின்னரே அந்த ஒரு நாடாவைப் பெட்டியிலிருந்து எடுக்கலாம். வெளியே காற்று உப்பைச் சுமந்துகொண்டு வீசட்டும். உள்ளே பாட்டனாரின் குரல், தான் பேசிய நாளில் இருந்தவாறே, பேரனின் செவிக்கு வந்து சேரும்.